நுரைக்காத தண்ணீர்

அடித்தள வேலைக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். பதினெட்டு மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டுகிறோம். மேலே கொஞ்ச தூரத்துக்கு மட்டும் இரும்பு உறை. அதற்குக் கீழே வெறும் மண். அது ஏன் இடிந்து விழுவதில்லை?

விழாமல் தாங்குவது குழிக்குள் நாம் நிறைத்து வைக்கும் திரவம். அது உள்ளிருந்து சுவரைத் தள்ளிப் பிடிக்கிறது. கம்பிக்கூட்டை இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட்டை நிரப்பிக்கொண்டு வரும்போது திரவம் மேலேறி வெளியே போகிறது. கான்கிரீட் அதன் இடத்தை எடுத்துக்கொள்ளும் வரை குழிக்குக் காவல் அது ஒன்றே.

நான் வேலை கற்ற காலத்தில் அது பெண்டோனைட் என்ற களிமண் கரைசல். சேறு போல இருக்கும். கெட்டியாக இருந்தால் நம்பலாம். நீங்கள் வேலைக்கு வந்திருப்பது பாலிமர் காலத்தில். வெள்ளைத் தூள், ஒரு தொட்டித் தண்ணீருக்குச் சில கைப்பிடி போதும். சரியாகக் கரைந்தால், வெண்டைக்காய் நறுக்கிய கத்தியில் வருவது போல விரல்களுக்கு நடுவே இழை இழையாக நீளும். அந்த இழைதான் அதன் பலம். ஆனால் பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கும். கெட்டுப்போனாலும் தண்ணீர் போலவே இருக்கும்.

கலக்கும் முறையும் அளவுகளும் கையேட்டில் இருக்கின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு ஏற்காட்டு மலையில் நடந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

ஏற்காட்டிலிருந்து தலைச்சோலைக்குப் போகும் வழியில் ஒரு வளைவு. மழைக்காலத்தில் அதன் பள்ளத்துப் பக்க விளிம்பு சரிந்து சாலை பாதியாகிவிட்டது. பஸ் வளைவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். காப்பித் தோட்டத்துக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் இறங்கி நடப்பார்கள். விளிம்பை ஒட்டி வரிசையாகக் கான்கிரீட் தூண்களை மண்ணுக்குள் இறக்கி, சாலையைப் பிடித்து நிறுத்துவது எங்கள் வேலை.

சரிவுக்கு மிக அருகில் ஒரு மளிகைக் கடை இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கடையை நடத்தியவர் ஜமீலா, நாற்பதை ஒட்டிய வயது. அவருடைய கணவர் வாரத்தில் பாதி நாள் சரக்கெடுக்கச் சேலம் போய்விடுவார். எங்கள் வரிசையின் ஆறாவது குழி, ஜமீலாவின் சமையலறைச் சுவரிலிருந்து ஓர் ஆள் படுக்கும் தூரத்தில் வந்தது. அந்தக் குழி சரிந்தால் சுவர் போகும். சுவர் போனால் வீட்டுக்கு வேறு பிடிமானம் இல்லை. அதற்கு அப்பால் பள்ளம்.

வேலை தொடங்கும் முன்பே ஜமீலா என்னிடம் நேராகக் கேட்டார்.

“ஏனுங்க சார், ஊட்டைக் காலி பண்ணோணுங்களா? பண்ணோணும்னா இப்பவே சொல்லிப்போடுங்க. கடைசி நேரத்துல அரிசி மூட்டையத் தலையில வெச்சுக்கிட்டு ஓட முடியாதுங்க.”

காலி செய்ய வேண்டாம் என்றேன். ஆறாவது குழி தோண்டும் நாட்களில் மட்டும் யாரும் பின்பக்கம் போகக் கூடாது, இரவில் உறவினர் வீட்டில் படுத்துக்கொள்ள வேண்டும். அவர் அடுப்பைத் தூக்கிக் கடைக்கு முன்னால், சாலையோரம் கொண்டுவந்து வைத்தார். எங்கள் ஆட்களுக்குத் தேநீர் அங்கிருந்துதான் வந்தது.

இரும்பு உறையை அடிவரை அடித்து இறக்கியிருந்தால் அந்த அதிர்விலேயே சுவர் விரிசல் விட்டிருக்கும். பெண்டோனைட்டுக்கு வேண்டிய பெரிய தொட்டிகளை வைக்க வளைவில் சமதரை இல்லை. கழிவுச் சேற்றைக் கொட்டவும் வழியில்லை, கீழே ஓடைத் தண்ணீரை நம்பி ஒரு குடியிருப்பு இருந்தது. பாலிமர் அங்கே வந்தது இப்படித்தான்.

எனக்கு வேலை கற்றுத்தந்தவர் கடலோரத் தளங்களில் பழகியவர். எந்தக் குழியைத் தொடங்கும் முன்பும் ஒரே கேள்வி கேட்பார்: “இதைக் கைவிடணும்னா எதை வெச்சு மூடுவ?” மூடுவதற்கான மண் பக்கத்தில் குவிந்திருந்தால்தான் இயந்திரத்தைத் தொட விடுவார். பின்னால் நாங்கள் அவரைக் ‘குழிமூடி’ என்போம். அவர் காதிலும் விழுந்திருக்கும், கண்டுகொண்டதில்லை. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஏற்காட்டு வளைவில் செம்மண்ணும் கிரஷர் தூளும் கலந்து ஒரு குவியல் போட்டு வைத்தேன். பாதிச் சாலையில் அதுவும் இடத்தை அடைத்தது. இருசக்கர வண்டிக்காரர்கள் திட்டினார்கள். ஒப்பந்த நிறுவனத்தின் மேலாளர் வரும்போதெல்லாம், “இது எதுக்கு சார்? கோயில் கட்டப்போறீங்களா?” என்பார்.

ஐந்து குழிகள் சிக்கலில்லாமல் முடிந்தன. குழி தோண்டும் ரிக் இயந்திரத்தை ஓட்டியவர் முருகேசன், கரடியூர்க்காரர். திரவத்துக்குப் பொறுப்பு திவ்யா, சேலத்துப் பெண், வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆன பொறியாளர். ஐந்து குழிக்கும் தண்ணீர் பக்கத்து ஓடையிலிருந்து எடுத்தோம். ஆறாவதுக்கு வந்தபோது சித்திரை வெயிலில் ஓடை இளைத்துவிட்டது. கீழ்க் குடியிருப்பிலிருந்து நான்கு பேர் ஏறி வந்து, குடிக்கவே போதவில்லை என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம். ஓடையை விட்டுவிட்டு, மலையடிவாரத்தில் ஒரு போர்வெல்லிலிருந்து டேங்கர் லாரியில் தண்ணீர் வரவழைத்தோம். வெள்ளைக்கல் சுரங்கங்கள் இருக்கும் பக்கம் அது. சேலத்துக்காரர்களுக்கு அந்தத் தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்களில் பாதிப் பேர் சேலத்துக்காரர்கள்.

டேங்கர் வந்ததும் ஜமீலாவும் டிரைவரிடம் கேட்டு இரண்டு குடம் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஓடைக்கு நடக்கும் வேலை மிச்சம்.

அன்று காலை திவ்யா புதுத் தண்ணீரில் திரவம் கலந்தார். எங்களிடம் ஒரு புனல் உண்டு. அதில் ஊற்றிய திரவம் வடிந்து முடிய எத்தனை வினாடி ஆகிறது என்பதை வைத்து அதன் கெட்டித்தன்மையைச் சொல்வோம். அன்று சட்டென்று வடிந்துவிட்டது. திவ்யா இன்னும் கொஞ்சம் தூள் போட்டார். மறுபடியும் போட்டார். வழக்கத்தைவிட இரு மடங்கு போன பிறகு எண் சரியாக வந்தது.

“நம்பர் வந்திருச்சு சார். ஆனா நொம்பத் தூளு குடிச்சிருச்சு.”

“வெயில் காலமுங்க மேடம். எல்லாத்துக்கும் தாகம்தான்,” என்றார் முருகேசன்.

சிரித்தோம். தோண்டத் தொடங்கினோம்.

தேநீர் வந்தபோது, முதல் வாயிலேயே முருகேசன் முகத்தைச் சுளித்தார்.

“ஏனுங்க்கா, டீயா இது? கசாயத்துல பாலை ஊத்தின மாதிரி இருக்குது.”

“குடிக்கறதக் குடி சாமி. நேத்து வரைக்கும் உன்ற வாய் நல்லாத்தான இருந்துது,” என்றார் ஜமீலா.

“தூளை மாத்திப்போட்டீங்களா?”

“அதே தூளு, அதே பாலு, அதே ஜமீலா. மாறினது உன்ற நாக்கு.”

நானும் பாதி டம்ளரை மண்ணில் ஊற்றிவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

முற்பகலில் முருகேசன் இயந்திரத்தை நிறுத்தி, தலையை வெளியே நீட்டினார்.

“சார், ரெண்டு பக்கெட் மண்ணு எடுத்து வெளிய போட்டேனுங்க. ஆழம் அங்கயேதான் நிக்குது.”

அப்படியென்றால் வரும் மண் அடியிலிருந்து வரவில்லை. சுவரிலிருந்து உதிர்கிறது. குழியின் வாயில் எட்டிப் பார்த்தேன். திரவ மட்டம் இறங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இறங்கியது.

“பம்பை நிறுத்தாதீங்க. மட்டம் இறங்கக் கூடாது.”

தொட்டியிலிருந்து திரவம் ஓடியது. திவ்யா தூள் பையைப் பிரித்தார். “இன்னும் கெட்டியாக்கட்டுமா சார்?”

“ரெண்டு மடங்கு போட்டாச்சே. கையில எடுத்துப் பாத்தியாம்மா?”

அவர் தொட்டிக்குள் கையை விட்டு எடுத்து விரல்களை விரித்தார். இழை இல்லை. கட்டி தட்டிய கஞ்சியைப் போலச் சின்னச் சின்ன உருண்டைகள் விரலில் ஒட்டியிருந்தன. அந்த உருண்டைகள் புனலின் வாயில் அடைத்துக்கொண்டுதான் நேரத்தை நீட்டியிருக்கின்றன. எண் சரி, அது வந்த காரணம் தவறு.

அந்த நேரத்தில் ஜமீலா ஒரு கையில் தேநீர் வடிகட்டும் துணியும் மறுகையில் பார் சோப்புமாக வந்து நின்றார். எங்கள் நிலைமை அவருக்குத் தெரியாது.

“ஏனுங்க சார், என்ன தண்ணிங்க இது கொண்டாந்திருக்கீங்க? துணியை அலசலாம்னா நுரையே வர மாட்டேங்குது. தேச்சுத் தேச்சு அரைச் சோப்பு கரைஞ்சு போச்சு. பால் திரிஞ்ச மாதிரித் திரியுது. இந்தத் தண்ணில டீயப் போட்டா வேற எப்புடியிருக்கும்? என்னையக் குத்தம் சொல்றானுங்க!”

திவ்யா நிமிர்ந்தார். “அக்கா, அந்தச் சோப்பைக் குடுங்க.”

அவருடைய குடிதண்ணீர் பாட்டிலில் முந்தின நாள் பிடித்த ஓடைத் தண்ணீர் பாதி இருந்தது. இன்னொரு பாட்டிலில் டேங்கர் தண்ணீரைப் பிடித்தார். இரண்டிலும் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினார். ஒன்றில் நுரை கழுத்துவரை எழுந்தது. மற்றதில் வெள்ளையாகத் திரிந்து அடங்கியது.

கடின நீர். அதில் கரைந்திருக்கும் தாதுக்கள் பாலிமரின் இழையை நீள விடாமல் சுருட்டிவிடும். எவ்வளவு தூள் கொட்டினாலும் உருண்டைதான் மிஞ்சும். காலையிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தோம், குறை சொல்லியிருந்தோம், சிரித்திருந்தோம். அடிவாரத்துப் போர்வெல் தண்ணீரில் டீ வாய்க்காது, பருப்பு வேகாது என்று தெரிந்தே வளர்ந்தவர்கள் அங்கே நின்றிருந்தார்கள். அடுப்பில் தெரிந்ததைத் தொட்டியோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

காரணம் தெரிந்துவிட்டது. அதற்காகக் குழி உதிர்வதை நிறுத்தவில்லை. என் தொலைபேசி ஒலித்தது. மேலாளர்.

மலையேற நேரமாகும் என்பதால், குழி முடியும் முன்பே கான்கிரீட் வண்டிகளைச் சேலத்திலிருந்து கிளப்பிவிடுவது அங்கே எங்கள் வழக்கம். மூன்று வண்டிகள் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தன. நிலைமையைச் சொன்னேன்.

“எவ்வளவு ஆழம் போயிருக்கு சார்?”

“மூணுல ரெண்டு பங்கு.”

“அது போதும். கூட்டை இறக்கி ஊத்திடுங்க. உள்ள கான்கிரீட் போயிட்டா அப்புறம் மண்ணு எங்க விழப்போகுது? அந்தம்மா வீடும் தப்பிச்சிரும்.”

நெருக்கடியில் வரும் யோசனைகளில் முட்டாள்தனமானவற்றை ஒதுக்குவது எளிது. பாதி சரியாக இருப்பவைதான் கஷ்டம். ஊற்றினால் குழி நிறையும், அன்றைக்கு வீடு தப்பும். ஆனால் கூட்டை இறக்கி, கான்கிரீட் ஊற்றும் குழாயைப் பொருத்தி, வண்டி வந்து சேரும்வரை அந்தக் குழி கெட்ட திரவத்தில் நிற்க வேண்டும். அப்படியே நின்றாலும், பாறையைத் தொடாத, நடுவில் மண் சிக்கிய ஒரு தூண் உள்ளே இருக்கும். வெளியே இருந்து பார்த்தால் மற்ற ஐந்தைப் போலத்தான் தெரியும். அடுத்த மழையில் அந்தச் சமையலறை அதை நம்பித்தான் நிற்கும்.

“சார்,” என்று திவ்யா சுவரைக் காட்டினார். சுண்ணாம்புப் பூச்சில் நூலளவு விரிசல். காலையில் நாங்கள் இருவரும் பார்த்தபோது அது இல்லை.

“மூடுறோம்,” என்று தொலைபேசியில் சொன்னேன்.

“கான்கிரீட்டாலதானே?”

“மண்ணால.”

அவர் பதில் சொல்லும் முன் வைத்துவிட்டேன். முருகேசன் ரிக்கைப் பின்னால் எடுத்தார். பொக்லைன் குவியலில் கை வைத்தது. ஒரேயடியாகக் கொட்டினால் திரவம் அலையடித்துச் சுவரை அறையும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். பம்பும் ஓடிக்கொண்டே இருந்தது. கெட்ட திரவமானாலும் அதற்கு எடை இருந்தது. அந்த எடை எங்களுக்கு வேண்டியிருந்தது.

ஜமீலாவைச் சாலைக்கு மறுபக்கம் நிற்க வைத்தோம். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா இருக்குதுங்க உங்க தொழிலு. தோண்டறதும் நீங்க, மூடறதும் நீங்க. சின்னப் பசங்க மணல்ல இப்புடித்தான் விளையாடுவாங்க.”

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஊடு நிக்குமுங்களா?”

“மண்ணு மேல வர்ற வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க,” என்றேன்.

அவர் தலையசைத்தார். நிற்கும் என்று நான் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

திவ்யா கடையின் பக்கவாட்டில், எட்டத்தில் நின்றபடி ஒரு நீளக் கம்பின் முனையில் சுண்ணக்கட்டியைக் கட்டி, விரிசல் முடியும் இடத்தில் கோடு போட்டார். விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டியது. இன்னொரு கோடு போட்டார். பொக்லைன் போய்ப் போய் வந்தது. குவியல் கரைந்தது. குழிக்குள் மண் இரும்பு உறையின் அடியை எட்டியபோது திவ்யா பக்கம் திரும்பினேன். அவர் இரண்டாவது கோட்டைக் காட்டிக் கையை அசைத்தார். தாண்டவில்லை.

கான்கிரீட் வண்டிகள் அதற்குப் பிறகுதான் வந்து ஹாரன் அடித்தன. ஒரு வண்டிக் கான்கிரீட் சாலையோர மழைநீர் வாய்க்காலுக்குத் தளம் போடப் பயன்பட்டது. மற்ற இரண்டும் வந்த வழியே இறங்கின. மேலாளர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்தார். குவியல் இருந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “புதுசா ஒண்ணு போட்டிருங்க சார்,” என்றார்.

தண்ணீருக்கு வழி காட்டியவர் ஜமீலா. பக்கத்து எஸ்டேட்டின் குளத்தில் மழைநீர் தேங்கியிருந்தது. எஸ்டேட்டில் கணக்குப் பார்க்கும் ரைட்டரைத் தொலைபேசியில் அழைத்து, எங்கள் முன்னாலேயே பேசினார்.

“ரைட்டரண்ணா, காப்பிப் பூவுக்குத் தெளிச்சு முடிச்சாச்சல்லங்க? அப்புறம் குளத்துத் தண்ணி யாருக்குங்க, தவளைக்கா? என்ற ஊடு பள்ளத்துல போச்சுன்னா உங்க ஆளுங்களுக்கு வெத்தல பாக்கு நீங்கதான் விக்கோணும், பாத்துக்குங்க.”

மறுநாள் எஸ்டேட் கேட் எங்கள் டேங்கருக்குத் திறந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு டேங்கரும் வந்ததும் திவ்யா முதலில் ஒரு பாட்டிலில் பிடித்துச் சோப்புப் போட்டுக் குலுக்குவார். கழுத்துவரை நுரை வந்தால்தான் தூள் பை திறக்கும். புனலில் எண் பார்த்த பிறகும் கையை விட்டு இழையைப் பார்ப்பார். கான்கிரீட் வண்டி கிளம்பும் வழக்கத்தையும் மாற்றினோம்; குழி பாறையைத் தொட்டு, திவ்யா சரி என்று சொன்ன பிறகே சேலத்துக்குத் தகவல் போகும். நிரப்பிய மண் இறுகும்வரை பொறுத்து, இரும்பு உறையை முன்பைவிட ஆழமாக இறக்கி, அதே இடத்தில் மறுபடியும் தோண்டினோம். முருகேசன் தொட்டியில் விரலை விட்டு எடுத்து, இழையை முழங்கை நீளத்துக்கு இழுத்துக் காட்டினார். “இப்பத்தானுங்க மேடம் வெண்டைக்காய்.”

குழி நின்றது. தூண் பாறையில் உட்கார்ந்தது.

வளைவை விட்டு வரும் முன் திவ்யா சமையலறைக்குள் போய், உட்பக்கமும் தெரிந்த அந்த விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரு முனைகளையும் சிமென்ட்டால் ஒட்டினார். சுவர் மயிரளவு அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும்.

“இதென்ன கண்ணு, சுவத்துக்குப் பிளாஸ்திரியா?” என்றார் ஜமீலா.

“இல்லக்கா. சுவரு பொய் சொல்லாம இருக்கறதுக்கு.”

நீங்கள் சேர்ந்திருக்கும் தளங்களில் சில இப்போது திவ்யாவின் பொறுப்பில் இருக்கின்றன. அவருடைய பையில் பார் சோப்பு இருப்பதைப் பார்த்தால் சிரிக்காதீர்கள். எண் தவறாக வரும்போது எல்லோரும் காரணம் தேடுகிறார்கள். சரியாக வரும்போதும் ஒரு முறை தேடுங்கள், குறிப்பாக அதை வரவழைக்க நீங்கள் கஷ்டப்பட்டிருந்தால். தண்ணீர் மாறிய அன்று முதலில் தண்ணீரையே சந்தேகப்படுங்கள். மூடுவதற்கான மண் பக்கத்தில் இருந்தால், மூடலாம் என்ற யோசனை தானாக வரும். இல்லாவிட்டால் அந்த யோசனையே வராது. குழிமூடி அவ்வளவு பிடிவாதமாக இருந்ததன் பொருள் எனக்கு அந்த வளைவில்தான் விளங்கியது.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் ஏற்காட்டுக்கு ஒரு வேலையாகப் போனவன், தலைச்சோலை பஸ்ஸில் ஏறி அந்த வளைவில் இறங்கினேன். ஜமீலாவின் அடுப்பு பழையபடி சமையலறைக்குப் போயிருந்தது. என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்.

“குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க. ஓடைத் தண்ணி.”

நன்றாக இருந்தது. சுவர் முழுக்கப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார். கண்ணாடித் துண்டு இருந்த ஒரு சாண் இடத்தை மட்டும் அடிக்காமல் விட்டிருந்தார். மழை நாட்களில் காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பதாகச் சொன்னார்.

பேசிக்கொண்டிருக்கும்போது திரும்பும் பஸ் வந்தது. டிரைவர் கியரை மாற்றி, வளைவின் வெளி விளிம்பை ஒட்டி, எங்கள் ஆறாவது தூணுக்கு மேலேயே வண்டியை ஒடித்தார். அலமாரியில் தேநீர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தமிட்டன. ஜமீலாவும் நானும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தோம்.

கண்ணாடி உடையாமல் இருந்தது. அவர் என் டம்ளரை வாங்கிக்கொண்டு, “இன்னொரு டீ?” என்றார்.